ஒரே வேடத்தில் ஓர் ஆயுள்

லாஸ் ஏஞ்சலஸில் பெவர்லி புலவார்டும் ஃபேர்ஃபாக்ஸ் அவென்யூவும் வெட்டிக்கொள்ளும் முனையில், கறுப்பும் வெள்ளையுமாக ஒரு பெரிய கட்டடம் நிற்கிறது. டெலிவிஷன் சிட்டி என்று பெயர். சினிமாக் கொட்டகையைத் தட்டிக்கொட்டி மாற்றிய இடமல்ல. தொலைக்காட்சிக்கென்றே வில்லியம் பெரேரா, சார்ல்ஸ் லக்மன் என்ற இரு கட்டடக் கலைஞர்கள் வரைந்துகொடுக்க, 1952இல் சிபிஎஸ் நிறுவனம் திறந்தது. பக்கத்திலேயே 1934 முதல் நடக்கும் உழவர் சந்தை. சுற்றுலா வண்டிகள் அங்கேதான் ஆட்களை இறக்கிவிடுகின்றன. நான் அந்தக் கூட்டத்தை விட்டு விலகி, வேலிக்கு இந்தப் பக்கம் நின்று கறுப்புச் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தேன். அதற்குள்ளே ஜெனோவா சிட்டி என்ற ஊர் இருக்கிறது. 1973 மார்ச் 26ஆம் தேதியிலிருந்து இருக்கிறது.

கதைப்படி அது விஸ்கான்சின் மாநிலத்து ஊர். ‘தி யங் அண்ட் தி ரெஸ்ட்லெஸ்’ என்ற பகல் நேர சீரியலின் மனிதர்கள் அங்கே பிறக்கிறார்கள், கல்யாணம் செய்கிறார்கள், விவாகரத்து வாங்குகிறார்கள், செத்துப் பிழைக்கிறார்கள். அந்த ஊரின் பெரிய பணக்காரர் விக்டர் நியூமன். அவராக நடிப்பவர் எரிக் பிரேடன். ஜெர்மனியில் 1941இல் பிறந்தவர். 1980இல் சில வாரங்களுக்கு மட்டும் என்று வந்தார். இன்னும் அந்த வேடத்தை விட்டு வெளியே வரவில்லை. அவர் பலமுறை கட்டிக்கொண்டு பலமுறை பிரிந்த மனைவி நிக்கியாக மெலடி தாமஸ் ஸ்காட் 1979 முதல் நடிக்கிறார். நாற்பத்தைந்து வருடங்களாக இரண்டு பேர் ஒரே பொய்யான வீட்டில் சண்டை போட்டுச் சமாதானமாகிறார்கள். உலகத்தின் எந்த நாடக மேடையிலாவது இப்படி ஒன்று நடந்திருக்குமா என்று யோசித்துப் பார்க்கிறேன். எனக்குத் தோன்றவில்லை.

இந்த சீரியல் நடிகர்களைத் தேடி வரும் ஆசை எனக்கு எங்கிருந்து வந்தது என்பதைச் சொல்லிவிடுகிறேன். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் எங்கள் தெருவுக்கு கேபிள் வந்தபோது, அதோடு ஸ்டார் பிளஸும் வந்தது. அப்போது அது முழுக்க ஆங்கிலச் சேனல். அதில் ‘தி போல்ட் அண்ட் தி பியூட்டிஃபுல்’ ஓடும். அம்மாவுக்கு ஆங்கிலம் தெரியாது. ஆனால் ரிட்ஜ் யார், புரூக் யார், மாமியார் ஸ்டெஃபனிக்கு அந்தப் பெண்ணை ஏன் பிடிக்கவில்லை என்பதெல்லாம் தெரியும். முகத்தைப் பார்த்தே புரிந்துகொண்டாள். அந்த சீரியல் 1987இல் தொடங்கியது. புரூக்காக அன்று நடித்த கேத்தரின் கெல்லி லாங் இன்றும் புரூக்காகவே நடிக்கிறார். அம்மா சேனல் மாறி, தமிழ் சீரியல்களுக்குப் போய், அதிலும் பல தலைமுறை நடிகைகளைப் பார்த்து முடித்துவிட்டாள். அந்தப் பெண் அங்கேயே இருக்கிறார்.

நண்பர் ஒருவரின் தயவில் ஒரு படப்பிடிப்புத் தளத்துக்குள் போகக் கிடைத்தது. எந்த சீரியல் என்று எழுதக் கூடாது என்பது நிபந்தனை. மூன்று சுவர் மட்டுமே உள்ள ஒரு வரவேற்பறை. நான்காவது சுவர் இருக்க வேண்டிய இடத்தில் கேமராக்கள். மேலே கூரையே தெரியாமல் விளக்குகள். ஒரு படிக்கட்டு கம்பீரமாக வளைந்து ஏறி, ஆள் மறையும் உயரத்தில் பலகையோடு நின்றுவிடுகிறது. அந்தப் படியில்தான் எத்தனை பேர் கோபித்துக்கொண்டு ஏறியிருப்பார்கள்! கைப்பிடியைத் தொட்டுப் பார்த்தேன். வார்னிஷ் தேய்ந்து வழவழவென்றிருந்தது. தள்ளி இன்னோர் அறை, அதைத் தள்ளி ஒரு மதுக்கடை, அதற்கும் அப்பால் ஒரு மருத்துவமனைப் படுக்கை. எல்லாவற்றுக்கும் ஒரே தரை.

அங்கே நான் கண்ட வேகத்தை எப்படிச் சொல்வது? ஒரு சினிமாவில் ஒரு நாளைக்கு இரண்டு மூன்று பக்கம் எடுத்தாலே நல்ல வேலை என்பார்கள். இங்கே நூறு பக்கத்துக்கு மேல் போகிறது. செலவை மிச்சம்பிடிக்க, ஓர் அறையைப் போட்டால் அந்த அறையில் நடக்கும் பல நாள் காட்சிகளையும் சேர்த்து எடுத்துவிடுகிறார்கள். வியாழக்கிழமை வரப்போகும் அழுகையை நடிகை முதலில் அழுதுவிட வேண்டும். பிறகு உடை மாற்றி வந்து, திங்கட்கிழமைச் சிரிப்பைச் சிரிக்க வேண்டும். நான் பார்த்தபோது நடுவயதுப் பெண் ஒருவர் மகனைப் பறிகொடுத்த காட்சியில் இருந்தார். ஒரு தடவை நடந்து பார்த்தார்கள். யார் எங்கே நிற்பது, எந்தக் கேமராவுக்கு எந்தப் பக்கம் திரும்புவது, அவ்வளவுதான் ஒத்திகை. பிறகு எடுத்தார்கள். கிளிசரின் பாட்டில் எதுவும் என் கண்ணில் படவில்லை. கண்ணீர் சரியான வரியில், சரியான கண்ணிலிருந்து வந்தது. ஒரே டேக். மேலே கட்டுப்பாட்டு அறையிலிருந்து ‘அடுத்தது’ என்று வந்துவிட்டது. அந்தப் பெண் மூக்கைத் துடைத்துக்கொண்டு அடுத்த அறைக்கு நடந்தார். கைதட்ட ஒருவரும் இல்லை. எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது.

இவர்களை மட்டமாகப் பேசுகிறவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். ‘சீரியல் நடிப்பு’ என்பதே ஒரு வசவு. இரண்டாவது டேக்குக்கு நேரம் இல்லாமல், நேற்றிரவு கையில் கிடைத்த முப்பது பக்க வசனத்தை, இன்று காலை மகனை இழந்த தாயாகப் பேசிவிட்டு, மாலையில் நாளைய முப்பது பக்கத்தை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போகும் ஒருவரை அவர்கள் பார்த்திருக்க மாட்டார்கள்.

உழவர் சந்தையில் ஒரு மூதாட்டியைச் சந்தித்தேன். நண்பருக்குத் தெரிந்தவர், பல வருடங்கள் பகல் சீரியல்களில் நடித்தவர். பெயர் வேண்டாம் என்றார். காபியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு பொறுமையாகச் சொன்னார்.

“கான்ட்ராக்ட்டில் இருந்தால் ராணி. மூன்று வருஷம், நான்கு வருஷம் என்று எழுதுவார்கள். ஆனால் பதின்மூன்று வாரத்துக்கு ஒரு முறை உங்களை வெளியே அனுப்பும் உரிமை அவர்களுக்கு உண்டு. நீங்களாகப் போக முடியாது. கான்ட்ராக்ட் போய்விட்டால் ‘ரிக்கரிங்’. கூப்பிட்ட நாளுக்கு மட்டும் காசு. அதற்கும் கீழே ‘அண்டர் ஃபைவ்’. ஐந்து வரிக்குள் பேசுகிறவர்கள். நான் மேலிருந்து கீழ் வரைக்கும் எல்லாப் படியிலும் நின்றவள்.”

“வசனத்தை எப்படி நினைவு வைப்பீர்கள்?” என்று கேட்டேன்.

“நினைவு வைப்பது பெரிய விஷயமில்லை. அன்றைக்கு ராத்திரியே மறக்க வேண்டும். அதுதான் பழக வேண்டிய வேலை. இல்லாவிட்டால் நாளைக்கு இடம் இருக்காது.”

தன் பாத்திரம் சாகப்போகிறது என்பதை அவர் ஸ்கிரிப்டைப் படித்துத்தான் தெரிந்துகொண்டாராம். கார் விபத்து. அன்று இரவு தூங்கவில்லை. மறுநாள் மூத்த நடிகர் ஒருவர் தைரியம் சொன்னாராம்: “பிணத்தைக் காட்டினார்களா? காட்டவில்லையே. அப்படியானால் இன்னும் வேலை இருக்கிறது.” சொன்னபடியே, வருடங்கள் கழித்து நினைவு தப்பிய நிலையில் அந்தப் பாத்திரம் திரும்பி வந்தது. குழந்தைப் பாத்திரங்களின் கதை வேறு. மாடிக்குத் தூங்கப் போன சிறுவன் இறங்கி வரும்போது மீசை முளைத்த இளைஞனாக இருப்பான். கதைக்குக் காதலன் தேவை என்பதால் வயதைத் தள்ளிவிடுவார்கள். அந்தச் சிறுவனாக நடித்த குழந்தைக்கு அன்றோடு வேலை போனது.

இந்தக் கலையின் தாய்வீடு ஹாலிவுட் அல்ல, சிகாகோ. 1930இல் அங்கே ஒரு வானொலி நிலையத்துக்காக இர்னா ஃபிலிப்ஸ் என்ற பெண் எழுதிய ‘பெயின்டட் ட்ரீம்ஸ்’தான் முதல் பகல் தொடர் என்று சொல்கிறார்கள். வீட்டு வேலை செய்துகொண்டே கேட்கும் பெண்களுக்கு சோப்பு விற்க நினைத்த பிராக்டர் அண்ட் கேம்பிள் போன்ற கம்பெனிகள் காசு கொடுத்தன. இர்னா 1937இல் தொடங்கிய ‘கைடிங் லைட்’ வானொலியிலிருந்து 1952இல் தொலைக்காட்சிக்கு மாறி, 2009 செப்டம்பர் 18 வரை ஓடியது. 72 வருடங்கள்! அவரிடம் எழுத்துப் பழகியவர்தான் ஜெனோவா சிட்டியை மனைவியோடு சேர்ந்து உருவாக்கிய வில்லியம் பெல்.

அதே இர்னா 1956இல் தொடங்கிய ‘ஆஸ் தி வேர்ல்ட் டர்ன்ஸ்’ தொடரின் முதல் வரியைப் பேசியவர் ஹெலன் வாக்னர். கணவனுக்குக் காலை வணக்கம் சொல்லும் வரி. நான்சி ஹியூஸ் என்ற குடும்பத் தலைவி. 1963 நவம்பர் 22 அன்று நியூயார்க்கிலிருந்து அந்தத் தொடர் நேரலையாகப் போய்க்கொண்டிருந்தது. நான்சி தன் மாமனாரோடு பேசிக்கொண்டிருக்கும்போது திரை மறைந்து செய்தியாளர் வால்டர் கிரான்கைட்டின் குரல் மட்டும் வந்தது: டல்லஸில் அதிபர் கென்னடி சுடப்பட்டார். நாடு முழுக்கச் சமையலறைகளில் பெண்கள் உறைந்து நின்றபோது, அந்த அரங்கில் இருந்தவர்களுக்கு விஷயம் தெரியாது. அவர்கள் நடித்துக்கொண்டே இருந்தார்கள்.

ஹெலன் வாக்னர் இடையில் சில வருடங்கள் தவிர, 2010 மே மாதம் 91 வயதில் இறக்கும் வரை நான்சியாகவே இருந்தார். உலகில் ஒரே பாத்திரத்தை இவ்வளவு நீண்ட காலம் நடித்தவர் என்று கின்னஸ் புத்தகம் அவரைப் பதிந்தது. அவர் போன சில மாதங்களில், அந்த வருடம் செப்டம்பர் 17 அன்று, தொடரும் முடிந்தது. கடைசி வரியைப் பேசியவர் 1960 முதல் அவர் மகனாக நடித்துவந்த டான் ஹேஸ்டிங்ஸ். அது இரவு வணக்கம்.

அதே தொடரில் லிசாவாக நடித்த ஐலீன் ஃபுல்டனின் வாழ்க்கை வேறு வகை. கெட்ட மருமகள் வேடம். நியூயார்க்கில் ஒரு கடை வாசலில் முன்பின் தெரியாத பெண் ஒருத்தி அவரை அடித்தே விட்டாள். கூடவே காவலுக்கு ஆள் வைத்துக்கொண்டு நடமாட வேண்டியிருந்தது. பாத்திரத்துக்குப் பேரப்பிள்ளை பிறக்கக் கூடாது என்று ஒப்பந்தத்திலேயே ஒரு நிபந்தனை எழுதி வாங்கினார். பாட்டியானால் ஓரமாக உட்கார்த்திவிடுவார்கள் என்ற பயம். அந்தப் பயம் நியாயமானது. ஆனாலும் ஹாலிவுட் தெருக்களில் நடந்து பார்த்தபின் எனக்குத் தோன்றுவது இதுதான்: இளமை போனதும் முகத்தைத் தூக்கி எறிகிற இந்த ஊரில், சுருக்கம் விழ விழச் சம்பளம் வாங்கிக்கொண்டே இருக்க ஒரு பெண்ணுக்கு வாய்த்த இடம் பகல் சீரியல்தான்.

அதிலும் ஜீன் கூப்பர் செய்ததை நினைத்தால் மலைப்பாக இருக்கிறது. ஜெனோவா சிட்டியின் குடிகாரச் சீமாட்டி கேத்தரின் சான்ஸலராக 1973 முதல் 2013இல் இறக்கும் வரை நடித்தவர். 1984இல் முகச் சுருக்கம் நீக்கும் அறுவை சிகிச்சை செய்துகொள்ள முடிவெடுத்தார். அதை மறைக்கவில்லை. கேத்தரினும் அதே சிகிச்சை செய்துகொள்வதாகக் கதையில் சேர்த்தார்கள். அறுவை அறைக்குள்ளேயே கேமரா போனது. நடிகையின் தோலை மருத்துவர் உண்மையாகவே கீறுவதை, பகல் சாப்பாட்டு நேரத்தில் அமெரிக்கா பார்த்தது. வேடம் எங்கே முடிகிறது, ஆள் எங்கே தொடங்குகிறாள்?

லாஸ் ஃபெலிஸ் பகுதியில் பிராஸ்பெக்ட் அவென்யூ குடியிருப்புகளுக்கு நடுவே அமைதியாகப் போகிறது. அந்தத் தெருவில் ஒரு வாயிற்கதவு. 1915இல் வைட்டாகிராஃப் கம்பெனி ஊமைப்படம் எடுத்த நிலம் அது. இப்போது ‘ஜெனரல் ஹாஸ்பிட்டல்’ அங்கே தயாராகிறது. 1963 ஏப்ரல் 1 அன்று தொடங்கிய தொடர். 1981 நவம்பரில் இதில் லூக்குக்கும் லாராவுக்கும் நடந்த கல்யாணத்தைச் சுமார் 3 கோடிப் பேர் பார்த்தார்கள். எலிசபெத் டெய்லர் விரும்பிக் கேட்டு வந்து நடித்தார். ஆனால் அந்தக் காதல் 1979இல் ஒரு வன்புணர்வில் தொடங்கியது. லாராவாக நடித்த ஜெனி ஃபிரான்சிஸுக்கு அப்போது 17 வயது. பதினான்கு வயதில் வேலைக்கு வந்த குழந்தை. அந்தக் கொடுமையைக் காதலாக்கி விற்றதை என்னால் மன்னிக்க முடியவில்லை. பல வருடம் கழித்து, 1998இல், மகனுக்கு உண்மை தெரியவருவதாக எழுதி அந்தத் தொடரே திரும்பிப் பார்த்தது. அதே நடிகர்கள் அங்கேயே இருந்ததால்தான் அது முடிந்தது. லாரா இன்னும் அந்தத் தொடரில் இருக்கிறாள், ஜெனியும்.

அதே தொடரில் 1993 முதல் சன்னி என்ற தாதாவாக நடிக்கும் மாரிஸ் பெனார்டுக்கு இருமுனை மனநோய் உண்டு. அதை அவர் மறைக்காமல் பேசினார். பின்னாளில் சன்னிக்கும் அதே நோய் என்று கதை எழுதப்பட்டது. வீட்டில் மாத்திரையை நிறுத்திவிட்டு உட்கார்ந்திருக்கும் எத்தனை பேர், சன்னி மாத்திரை போடுவதைப் பார்த்து எழுந்திருப்பார்கள்!

எல்லோரும் தங்குவதில்லை. ஜூலியன் மூர் ‘ஆஸ் தி வேர்ல்ட் டர்ன்ஸ்’ தொடரில் இரட்டை வேடம் போட்டு எம்மி விருது வாங்கி, சினிமாவுக்குப் போய்ப் பெரிய நட்சத்திரமானவர். 2010இல் தொடர் முடியப்போகிறது என்று தெரிந்ததும் பழைய வேடத்தைப் போட்டுக்கொண்டு ஒரு காட்சிக்கு வந்துபோனார். சாட்விக் போஸ்மன், ‘ஆல் மை சில்ட்ரன்’ தொடரில் கறுப்பின இளைஞன் பாத்திரம் எழுதப்பட்ட விதத்தை எதிர்த்துக் கேள்வி கேட்டு வேலையை இழந்தார். அவருக்குப் பின் அதே வேடத்துக்கு வந்தவர் மைக்கேல் பி. ஜோர்டன். பிறகு இருவரும் ‘பிளாக் பாந்தர்’ படத்தில் எதிரெதிரே நின்றார்கள்.

எந்தப் பக்கமும் போய்ச் சேராமல் நடுவில் நின்றவர்கள்தான் அதிகம். ஜானி வாக்டர் ‘ஜெனரல் ஹாஸ்பிட்டல்’ தொடரில் இரண்டு வருடங்களுக்கு மேல் நடித்தார். 2022இல் பாத்திரம் கொல்லப்பட்டது. 2024 மே மாதம், நகரின் மையத்தில் ஒரு மதுக்கூடத்தில் வேலை முடித்துத் தெருவுக்கு வந்தவர், கார்களில் உலோகப் பாகம் திருடிக்கொண்டிருந்தவர்களால் சுடப்பட்டு இறந்தார். வயது 37. தினமும் தொலைக்காட்சியில் வந்த முகம் இரவில் மது ஊற்றிப் பிழைத்தது என்பதை வெளியூர்க்காரர்கள் வியப்போடு படித்தார்கள். உழவர் சந்தையில் பார்த்த மூதாட்டிக்கு அதில் வியப்பே இல்லை. “எங்களில் பாதிப் பேர் தட்டு ஏந்தியிருக்கிறோம், அம்மா,” என்றார்.

தொழிலே சுருங்கிவிட்டது. 1970 வாக்கில் ஒரே சமயத்தில் பதினெட்டுப் பகல் சீரியல்கள் வரை ஓடின. பெண்கள் வேலைக்குப் போகத் தொடங்கினார்கள். 1995இல் ஓ.ஜே. சிம்ப்சன் கொலை வழக்கின் நேரடி ஒளிபரப்பு மாதக்கணக்கில் சீரியல் நேரத்தை விழுங்கியது. போன பார்வையாளர்களில் பலர் திரும்பவில்லை. 2009க்கும் 2012க்கும் இடையில் மட்டும் நான்கு பழைய தொடர்கள் மூடப்பட்டன. 2020இல் பெருந்தொற்று வந்தபோதோ இவர்கள்தான் முதலில் வேலைக்குத் திரும்பினார்கள். ‘போல்ட் அண்ட் தி பியூட்டிஃபுல்’ நடிகர்கள் முத்தக் காட்சிகளில் ஆளுயரப் பொம்மைகளைக் கட்டிக்கொண்டு நடித்தார்கள். சில காட்சிகளுக்கு நடிகர்களின் சொந்த மனைவியும் கணவரும் பதிலாள்களாக வந்து நின்றார்கள். வேலையை விட்டுவிடக் கூடாது என்ற அந்தப் பிடிவாதம் எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது.

பர்பேங்க்கில் தயாராகும் ‘டேஸ் ஆஃப் அவர் லைவ்ஸ்’ தொடரில் டக், ஜூலி என்று ஒரு ஜோடி. நடித்தவர்கள் பில் ஹேய்ஸ், சூசன் சீஃபோர்த் ஹேய்ஸ். செட்டில் பழகி 1974இல் நிஜமாகவே மணந்துகொண்டார்கள். கதையில் அவர்கள் கல்யாணம் நடக்க 1976 ஆனது. அந்த வருடம் ஜனவரி 12 தேதியிட்ட ‘டைம்’ இதழின் அட்டையில் இருவர் படமும் வந்தது. பில் ஹேய்ஸ் 2024 ஜனவரி 12 அன்று, 98 வயதில் காலமானார். அந்தத் தொடரை மாதக்கணக்கில் முன்கூட்டியே எடுத்துவைப்பார்கள் என்பதால், போன பிறகும் அவர் திரையில் வந்துகொண்டிருந்தார். சூசன் ஒரு முறை நிஜமாக விதவையானார். பிறகு செட்டுக்கு வந்து, அத்தனை கேமராக்களுக்கு முன்னால், டக்கின் சாவுக்கும் ஜூலியாக நின்றார். அந்த வருடக் கடைசியில் அது ஒளிபரப்பானது. அதை நடிப்பு என்பதா, துக்கம் காப்பது என்பதா? இரண்டும் ஒன்றாகிவிடும் இடத்தைத் தேடித்தான் நான் இவ்வளவு தூரம் வந்திருக்கிறேன் என்று பர்பேங்க்கில் எனக்குப் புரிந்தது.

ஊர் திரும்பும் வழியில் அட்லாண்டாவில் இறங்கி டோராவில் என்ற ஊருக்குப் போனேன். ஜெனரல் மோட்டார்ஸ் கார் தொழிற்சாலை இருந்து 2008இல் மூடப்பட்ட நிலம். இப்போது அங்கே படப்பிடிப்பு அரங்குகள். 2025 பிப்ரவரி 24 அன்று சிபிஎஸ்ஸில் தொடங்கிய ‘பியாண்ட் தி கேட்ஸ்’ இங்கேதான் தயாராகிறது. அமெரிக்கத் தொலைக்காட்சியில் கால் நூற்றாண்டுக்குப் பிறகு பிறந்த புதிய பகல் சீரியல். மையத்தில் இருப்பது ஒரு வசதியான கறுப்பினக் குடும்பம். குடும்பத் தலைவி அனிட்டாவாக நடிக்கும் டமாரா டூனி, ஹெலன் வாக்னரோடு அதே ‘ஆஸ் தி வேர்ல்ட் டர்ன்ஸ்’ தொடரில் வருடக்கணக்கில் வழக்கறிஞராக நடித்தவர். தயாரிப்பில் பிராக்டர் அண்ட் கேம்பிளும் மறுபடி சேர்ந்திருக்கிறது.

பக்கத்து புஃபோர்ட் நெடுஞ்சாலையில், வரிசையாக வியட்நாமிய, கொரியச் சாப்பாட்டுக் கடைகள். ஒரு நூடுல்ஸ் கடையில் சுவரில் தொலைக்காட்சி. மணி இரண்டு. கல்லாவில் இருந்த பெண் ஒலியைக் கூட்டினார். நான் அண்ணாந்து பார்ப்பதைக் கவனித்துவிட்டு, கேட்காமலே கதை சொல்லத் தொடங்கினார்.

“அதோ அவன்தான் பில். இத்தனை வருஷம் கூட வாழ்ந்தவளை விட்டுட்டு மகளோட தோழியைக் கட்டிக்கிட்டான். இவ டானி, பழைய பெண்டாட்டி. அந்தக் கல்யாணத்துக்கே போய் நின்னா, தெரியுமா? தப்புன்னு சொல்வீங்களா? நான் சொல்ல மாட்டேன்.”

“நானும் சொல்ல மாட்டேன்,” என்றேன்.

“அப்போ உட்காருங்க. முழுசா பார்த்துட்டுப் போங்க,” என்று இன்னொரு கிண்ணம் சூப் கொண்டுவந்து வைத்தார்.